வாய் மூடிய ஏசி

பிற்பகல் 3.47.

"பவழத்தைக் காணோம்! அக்கா, பவழத்தைக் காணோம்!"

ஒசாஹோன் போட்ட கூச்சல் பெனின் நகரத்தின் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கம்பத்தைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்கள். மகளைத் தலை பின்ன அழைத்துப் போய்விட்டு அப்போதுதான் காரைவிட்டு இறங்கிய இமாடே அம்மாள், ஒரு செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

விடிந்தால் மகள் எக்கிக்குக் கல்யாணம். படுக்கையறைக் கட்டிலில் துணி விரித்து அதன்மேல் வைத்துவிட்டுப் போன ஐந்து சரப் பவழம், நாலு தலைமுறைப் பெண்கள் மணவறையில் அணிந்தது. காவலுக்குத் தன் சொந்தத் தம்பி ஒசாஹோனை அந்த அறையிலேயே உட்கார வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். துணி இருந்தது. பவழம் இல்லை.

சன்னல் திறந்திருந்தது. சன்னலில் இரும்புக் கம்பி உண்டு, ஆள் நுழைய முடியாது. ஆனால் கொக்கி கட்டிய கழி நுழையும். அந்தக் கழியும் போலீஸ் வந்த பத்தாவது நிமிஷம் கிடைத்துவிட்டது. மாங்காய் பறிக்கிற கழி. கிடந்த இடம், காவல்காரர் ஹாருனாவின் தகரக் கொட்டகைக்குப் பின்னால்.

அப்புறம் கேட்பானேன்?

மாலை 4.40.

போலீஸ் கூப்பிட்டனுப்பிய ஏசி மெக்கானிக் எசோஹே ஆட்டோவை விட்டு இறங்கியபோது ஹாருனா கையில் விலங்கோடு கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷமாக அந்த கேட்டைத் திறந்து மூடிய மனுஷன். "பொம்பளை மெக்கானிக்கா? ஏணியில ஏறுவாளா, இறங்குவாளா?" என்று தெருவே சிரித்த காலத்தில், "ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க மேடம்" என்று வீடு வீடாக இவளுக்காகப் பேசியவர் அவர் ஒருத்தர்தான்.

"அண்ணே, என்ன இது?"

"நான் எடுக்கல தங்கச்சி. ரெண்டரை மணிக்கு அந்தச் சன்னல் நிழல்ல பாய் போட்டுப் படுத்திருந்தேன். பந்தக்காரங்க பாத்தாங்க. அது ஒண்ணுதான் நான் செஞ்ச குத்தம். மூணு மணியிலேருந்து பந்தல் லாரிக்கு வழி விட்டுக்கிட்டு கேட்டுலதான் நின்னேன்." அவர் தெருவை எட்டிப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு வண்டி வருதாம். ஸ்டேஷனுக்குள்ள போயிட்டா, வடக்க இருக்கிற என் பிள்ளைங்களுக்கு யாரு தங்கச்சி சொல்லுவா?"

அவர் தோளைத் தொட்டுவிட்டு வீட்டின் பக்கவாட்டு வழியாக நடந்தாள். நடந்தவள் காலில் ஒரு பெயிண்ட் வாளி இடறி, செருப்பெல்லாம் தண்ணீர். ஏசிக் குழாய் சொட்டும் இடத்தில் ஹாருனா வைக்கிற நாலு லிட்டர் வாளி. தொழுகைக்குக் கை கால் கழுவ அதில்தான் அவர் தண்ணீர் பிடிப்பார். விளிம்புவரை நிறைந்திருந்தது.

மாலை 4.45.

அறையில் நாலு பேர். கட்டிலில் தலையைப் பிடித்துக்கொண்டு இமாடே அம்மாள். சன்னலோரம் ஒசாஹோன். கதவருகே கரண்டியும் கையுமாக உவா அத்தை, அந்த அம்மாளின் செத்துப்போன வீட்டுக்காரருக்கு அக்கா. நடுவில் நோட்டுப் புத்தகத்தோடு இன்ஸ்பெக்டர் எடெம்.

"நீதான் மெக்கானிக்கா?" என்றார் எடெம். "எனக்கு ஒரே வரி வேணும். இந்த ஏசி நிசமாவே கெட்டுப்போச்சா? ரிப்போர்ட்ல எழுதணும்."

"இப்ப எதுக்கு சார் அதெல்லாம்?" என்றான் ஒசாஹோன். "பியூஸ்தான் போயிருக்கும். கல்யாணம் முடியட்டும், நானே ஆளை விட்டுப் பாத்துக்கறேன்."

"எழுதணும்னா எழுதணும். நீங்க இன்னொரு தடவை சொல்லுங்க. எப்ப நின்னுச்சு?"

"சரியா ரெண்டு மணி. படக்குனு நின்னுச்சு. புழுக்கம் தாங்கல, சன்னலைத் திறந்தேன். அப்படியே நாற்காலியில கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா மணி மூணே முக்கால். துணிதான் கிடந்துச்சு."

"எப்பேர்ப்பட்ட காவல்!" என்றாள் உவா அத்தை. "இமாடே, உன் தம்பி மக கல்யாணத்துக்குக்கூட ஒரு நாளு குடுக்காம பொத்திப் பொத்தி வச்சியே. இப்ப எவன் பொண்டாட்டி கழுத்துல கிடக்கோ!"

"அத்தை, வாயை மூடுறீங்களா!"

"நான் மூடினா பவழம் வந்துடுமா?"

எசோஹே கருவிப் பையைத் திறந்தாள். திருப்புளிகளுக்கு நடுவே ஒரு சிவப்பு நகப்பூச்சுக் குப்பி உருண்டது. இன்ஸ்பெக்டர் அதை எடுத்துப் பார்த்தார்.

"வேலைக்கு வந்தியா, மேக்கப் போட வந்தியா?"

"கழட்டுற சாமானுக்கு அடையாளம் வைக்க சார். நல்ல சாமானைத் திருடிட்டேன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாதில்ல? அவங்க கண்ணு முன்னாலயே புள்ளி வச்சு, கழட்டினதை அவங்க கையிலேயே குடுத்துருவேன்."

வேலையைத் தொடங்கினாள். கரண்ட் போன வழியைத் தேடிப் போவதுதான் அவள் முறை. மேலே மின்விசிறி சுற்றியது, ஆக வீட்டுக்குக் கரண்ட் இருக்கிறது. கூடத்துப் பலகையில் ஏசிக்கான பிரேக்கர் மேலேயே நின்றது, ஆக அது விழவில்லை. சுவர் சாக்கெட்டில் மீட்டரை வைத்தாள்: இருநூற்றுப் பத்து வோல்ட். ஆனால் சாக்கெட்டில் செருகியிருந்த ஸ்டெபிலைசர் பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை, பிணம் மாதிரி கிடந்தது. அப்படியென்றால் கோளாறு அதன் பிளக்கில்; அந்த ஊர்ப் பிளக்குகளுக்கு உள்ளேயே பியூஸ் இருக்கும்.

"ஒசா சார், ஏசி நிக்கும்போது ரிமோட்டைத் தொட்டீங்களா?"

"இல்ல. ஓடிக்கிட்டே இருந்துச்சு, நின்னுச்சு."

"அதுக்கப்புறம் ஏசியைத் தொட்டீங்களா?"

"அதை நான் எதுக்குத் தொடறேன்? சன்னலைத்தான் தொட்டேன்."

எசோஹே நிமிர்ந்து சுவரின் உச்சியிலிருந்த ஏசியை ஒரு பார்வை பார்த்தாள். வெள்ளையாக, துடைத்துவிட்ட மாதிரி, காற்று வரும் வாய் கச்சிதமாக மூடியிருந்தது. குனிந்து, பிளக்கைப் பிடுங்கித் திருகைக் கழற்றித் திறந்தாள்.

உள்ளே ஒரு பியூஸ் இருந்தது. மீட்டரை வைத்தாள். நல்லதாக இருந்தால் மீட்டர் கீச்சென்று கூவும்; சத்தமே இல்லை. செத்த பியூஸ். அதன் வெள்ளை உடம்பில் மிளகாய் விதை அளவுக்குச் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"என்ன எசோஹே?" ஒசாஹோன் பக்கத்தில் வந்து குனிந்தான். மெல்லச் சிரித்தான். "உள்ள பியூஸ்தானே இருந்துச்சு?"

எசோஹே அந்தப் பியூஸை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

ஏனென்றால் அந்தப் பிளக்கில் பியூஸ் இருக்கவே கூடாது. போன கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், இதே அறையில் பியூஸ் போனபோது கடைவீதியில் கிடைத்ததெல்லாம் போலி. வீடு நிறைய விருந்தாளி. அவசரத்துக்கு மூன்று இழைச் செம்புக் கம்பியை முறுக்கி வைத்துவிட்டுப் போனாள். ஊரில் பாதி மெக்கானிக்குகள் செய்கிற வேலைதான். ஒரு வாரத்தில் நல்ல பியூஸ் வாங்கிவிட்டுக் கூப்பிடச் சொன்னாள். யாரும் கூப்பிடவில்லை. அவளும் மறந்துபோனாள்.

இந்த வீட்டிலா அதைச் செய்தாய், பாவி! இமாடே அம்மாளின் துணிக்கடை நாலு வருஷத்துக்கு முன் எரிந்து சாம்பலானது இதே மாதிரி எவனோ முறுக்கி வைத்த கம்பியால்தான். "எவ என் வீட்டுல கம்பி முறுக்குறாளோ அவ கையை முறிப்பேன்" என்று அந்த அம்மாள் இவளிடமே சொல்லியிருக்கிறாள். வாயைத் திறந்தால் இந்த வீட்டு வேலை போகும். நாளைக்குத் தெருவே போகும்.

கம்பியை எடுத்துவிட்டு யாரோ செத்த பியூஸை வைத்திருக்கிறார்கள். கம்பி வைத்தவள் வெளியே சொல்ல மாட்டாள் என்ற தைரியத்தில் வைத்திருக்கிறார்கள்.

"பியூஸ் போயிருக்கு சார்" என்றாள்.

"நான்தான் சொன்னேனே" என்றான் ஒசாஹோன்.

இன்ஸ்பெக்டர் எழுதினார். வெளியே ஒரு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. "எழுந்திரு, மல்லாம்" என்று, வடக்கத்தி ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, யாரோ ஹாருனாவை அதட்டுவது சன்னல் வழியே கேட்டது. விலங்குச் சங்கிலி கலகலத்தது.

அந்தச் சத்தத்தை எசோஹேயால் தாங்க முடியவில்லை.

"சார், அந்த வரியை அடிச்சுடுங்க."

"என்னது?"

"பியூஸ் போயிருக்கு. ஆனா இங்க போகல. வண்டியைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க. எனக்கு மூணு நிமிஷம் குடுங்க."

மாலை 5.04.

பையிலிருந்து புதுப் பியூஸை எடுத்துப் பிளக்கில் பொருத்தி, சுவரில் செருகினாள். ஸ்டெபிலைசரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அவள் எழுந்து பெட்டியை மறைத்தபடி நின்றுகொண்டாள்.

"இது மஞ்சள்ல மூணு நிமிஷம் நிக்கும். பச்சை வந்ததும் ஏசிக்குக் கரண்ட் விடும். இந்த ஏசி தானா ஓட ஆரம்பிச்சுடும், இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அதுவரைக்கும் நான் பேசுறேன்."

"கல்யாண வீட்டுல மெக்கானிக் பிரசங்கமா?" என்றான் ஒசாஹோன்.

"இருங்க சார், நல்லா இருக்கும். முதல்ல வாளி. ஹாருனா அண்ணன் ஒரு மணித் தொழுகைக்கு அந்தத் தண்ணியை மொண்டு காலி பண்ணுவாரு. அது தெருவுக்கே தெரியும். நாலு மணித் தொழுகைக்குத்தான் மறுபடி எடுப்பாரு. இன்னிக்கு அதுக்கு எடுக்கல; கூச்சல், போலீஸ், கையில விலங்கு. வாளி ரொம்பி வழியுது. நாலு லிட்டர். இந்த ஏசி நல்லா ஓடினா மணிக்கு ரெண்டு லிட்டர் தண்ணி விடும். ரெண்டு மணிக்கே நின்னிருந்தா வாளியில பாதிகூட வந்திருக்காது."

"அவனே தண்ணி ஊத்தியிருக்கலாம்" என்றார் எடெம்.

"எங்கேருந்து ஊத்துவான்?" உவா அத்தை கரண்டியை ஆட்டினாள். "காலையிலேருந்து பம்ப்பு ஓடல. சோறு வடிக்கவே தண்ணி வண்டிக்குக் காத்துக்கிட்டு நிக்கிறேன். வந்து என் அண்டாவைப் பாருங்க இன்ஸ்பெக்டர்."

எடெம் எழுதுவதை நிறுத்தினார்.

"ஆக, குறைஞ்சது மூணு மணி வரைக்கும் ஏசி ஓடியிருக்கு. ஏசி ஓடும்போது எவனும் சன்னலைத் திறக்க மாட்டான். ரெண்டரைக்குச் சன்னல் மூடித்தான் இருந்திருக்கு. அதுக்குக் கீழ ஹாருனா அண்ணன் படுத்திருந்தா என்ன, உருண்டா என்ன? மூணு மணியிலேருந்து அவரு கேட்டுல, பந்தல் லாரிக்கு வழி விட்டுக்கிட்டு, அத்தனை பேரு கண்ணு முன்னால."

"இந்த ஏசி நின்னதை நான் பாத்தேன்!" ஒசாஹோனின் குரல் ஏறியது. "செத்த பியூஸை உன் கையால எடுத்தே. எல்லாரும் பாத்தாங்க."

"எடுத்தேன். மேடம்..." எசோஹே கட்டிலைப் பார்த்துத் திரும்பினாள். "மேடம், அந்தப் பிளக்குல பியூஸே கிடையாது. கிறிஸ்துமஸுக்கு நான் கம்பி முறுக்கி வச்சேன். தப்புதான். உங்க வீட்டுல செய்யவே கூடாத தப்பு. ஆனா கம்பி வச்ச இடத்துல பியூஸ் எப்படி எரியும்?"

இமாடே அம்மாள் மெல்ல எழுந்து நின்றாள். "கம்பியா? என் வீட்டுலயா?"

"என்னை அப்புறம் திட்டுங்க மேடம். இந்தப் பியூஸைப் பாருங்க. சிவப்புப் புள்ளி. என் நகப்பூச்சு. கிறிஸ்துமஸுக்கு நான் கழட்டின அதே பியூஸ். கடையில காட்டி இதே மாதிரி வாங்கிட்டு வாங்கன்னு, வாசல்ல வச்சு ஒருத்தர் கையில குடுத்தேன்." அவள் ஒசாஹோனைப் பார்த்தாள். "உங்க கையில குடுத்தேன் சார். சட்டைப் பையில போட்டுக்கிட்டீங்க."

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒசாஹோனின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"கம்பி வச்சவ பேச்சைக் கேக்குறீங்களா சார்? யாரு பாத்தா? என் கையில குடுத்ததுக்குச் சாட்சி இருக்கா?"

"இல்ல" என்றாள் எசோஹே. "அதை விடுங்க. ஏசியோட வாயைப் பாருங்க."

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

"ரிமோட்ல நிறுத்தினா ஏசி தன் வாயைத் தானே மூடிக்கும். ஓடிக்கிட்டிருக்கும்போது படக்குனு கரண்ட் போனா மூடாது, திறந்த வாய் திறந்தபடியே நிக்கும். கரண்ட் போற வீட்டுல பிறந்தவங்க நாம, தினம் பாக்குறோம். ஒசா சார் ரிமோட்டைத் தொடலையாம். ஏசியைத் தொடலையாம். அப்ப வாயை யாரு மூடினது? சன்னல் வழியா கழி விட்டவன் ஏசி வாயையும் மூடிட்டா போவான்?"

"சரி," என்றார் எடெம் நிதானமாக, "எதுக்கு மூடணும்?"

"வாய்க்குள்ள இருக்கிறது வெளியில தெரியாம இருக்கத்தான் சார். வெளியே போனா கேட்டுல சோதனை. பையில வச்சா சோதனை. ஓடாத ஏசியை எவன் திறந்து பாப்பான்? கல்யாணம் முடிஞ்சதும் 'நானே பாத்துக்கறேன்'னு வந்து எடுத்துக்கலாம்." அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அந்த வாய்க்கு உள்ள உருளை விசிறி இருக்கு. நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்து சுத்தும். இன்னும் பதினஞ்சு விநாடி. உள்ள ஒண்ணும் இல்லைன்னா சில்லுனு காத்து வரும், நான் சொன்னதெல்லாம் பொய். ஒசா சார் மேல பழி போட்டதுக்கு நானே வண்டியில ஏறுறேன்."

மேலே மின்விசிறி கிறீச்சிட்டது.

"பத்து" என்றாள் எசோஹே.

"எசோஹே..." என்றாள் இமாடே அம்மாள்.

"அஞ்சு."

ஒசாஹோன் பாய்ந்தான். நாற்காலி உருண்டது. "நிறுத்துடி! உடைஞ்சு போயிடும், எங்கம்மா பவழம், உடைஞ்சு போயிடும்!" சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் எடெம் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

எசோஹே ஏணியில் ஏறி, ஏசியின் மடலை விரலால் தள்ளி, உள்ளிருந்து ஒவ்வொரு சரமாக உருவினாள். ஐந்து சரம். ஒரு மணிகூடக் குறையவில்லை.

"அடிப்பாவி!" என்றாள் உவா அத்தை. "அவன் பிடுங்காம விட்டிருந்தா? பவழம் பொடியாப் போயிருக்குமேடி!"

"போயிருக்காது அத்தை. பிளக்கைக் கழட்டினப்பவே ஏசியோட ஒயரை ஸ்டெபிலைசர்லேருந்து உருவிட்டேன், திரும்பச் செருகவே இல்ல. இதோ, என் காலுக்குக் கீழதான் கிடக்கு."

இமாடே அம்மாள் தம்பியின் முன்னால் போய் நின்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏன்டா?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி உன் காலைப் பிடிச்சேன் அக்கா. ஒரே ஒரு நாளு குடு, என் மக போட்டுக்கட்டும்னு. தொலைஞ்சுடும்னு சொன்னே. என் பொண்ணு பிளாஸ்டிக் மணி போட்டு உக்காந்தா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தொட்டுத் தொட்டுப் பாத்துச் சிரிச்சாங்க." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "விக்கிறதுக்கு எடுக்கல. உன் பொண்ணும் ஒரு நாளு வெறுங்கழுத்தோட உக்காரட்டும்னுதான் எடுத்தேன்."

"அதுக்கு ஹாருனா கொட்டகைக்குப் பின்னால கழியைப் போட்டு, அவரை ஜெயிலுக்கு அனுப்புவியா?" என்றாள் எசோஹே. "அவருக்கு உங்க பவழமும் தெரியாது, உங்க சண்டையும் தெரியாது!"

ஒசாஹோன் கையிலிருந்த பிளக்கைத் தரையில் வைத்தான்.

மாலை 5.25.

ஹாருனா கையிலிருந்த விலங்கு ஒசாஹோன் கைக்கு மாறியது. வாசலில் இமாடே அம்மாள் எசோஹேயை நிறுத்தினாள்.

"என் மக கழுத்து நிறைஞ்சிருக்கு. நீதான் காரணம். சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்." அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "ஆனா எட்டு மாசமா என் பிள்ளை தலைமாட்டுல நெருப்பை வச்சிருக்கே. இனிமே இந்த வீட்டு ஒயரை நீ தொடாதே."

"சரி மேடம்."

நியாயமான பேச்சு. எசோஹே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டு வழியாக வந்தாள். ஹாருனா வாளியருகே குந்தி, சிவந்துபோன மணிக்கட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். தவறிப்போன நாலு மணித் தொழுகைக்கு நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"எல்லாம் கேட்டுச்சு தங்கச்சி, சன்னல் திறந்துதானே இருந்துச்சு. எனக்காகப் பொழப்பைக் கெடுத்துக்கிட்டியே. நாளைக்குத் தெரு பூரா பேசுமே."

"பேசட்டும் அண்ணே. கம்பி வச்சது நான்தானே? இனிமே வைக்க மாட்டேன்."

"கையை நீட்டு. கரியா இருக்கு."

அவள் கையில் அவர் தண்ணீர் ஊற்றினார். சில்லென்று இருந்தது.

"இந்தத் தெருவுல நாப்பது வீடு" என்றார் ஹாருனா. "ஒரு வீடு போச்சு. மீதி முப்பத்தொம்போது கேட்டுலயும் யாரு உக்காந்திருக்கா? எங்க ஊர்க்காரன்தான். நான் தொழுதுட்டு, உனக்காக ஒரு நடை போய்ப் பேசிட்டு வந்துடறேன்."